தார் பூசிய கட்டணப் பலகை

அத்தியாயம் 7

பலகை முழுவதும் தார் பூசியிருந்தால் யாரோ குடிகாரன் செய்த வேலை என்று விட்டிருக்கலாம். ஒரே ஒரு இடத்தை மட்டும் பார்த்துப் பார்த்து விட்டுவைத்திருந்ததால் அப்படி விட முடியவில்லை.

நெடுங்கரிசல் பேரூராட்சி அலுவலகத்துத் தாழ்வாரத்தில் அது சுவரில் சாய்ந்து நின்றது. உச்சியில் 'திருத்தியமைக்கப்பட்ட கட்டணங்கள், 1998' என்று எழுதியிருந்ததாம். இப்போது தெரியவில்லை. குடிநீர் இணைப்பு, பஸ் ஸ்டாண்டு கடை வாடகை, ஆட்டுச் சந்தை நுழைவு, தண்ணீர் லாரி நடை எல்லாம் தாருக்குள் போய்விட்டன. அடியில் ஒன்று மட்டும் பளிச்சென்று மிஞ்சியிருந்தது: 'மயானத்தில் தகனம் செய்ய.'

கோகுலகிருஷ்ணன் குனிந்து அதற்கு எதிரே இருந்த தொகையைப் படித்தான். "பரவாயில்ல அண்ணாச்சி. கட்டுப்படியாகுத மாதிரிதான் போட்டுருக்காங்க."

முத்துசெல்வம் சிரிக்கவில்லை. கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கடை மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருப்பவர் அவர். அதற்கு முன்னால் தீப்பெட்டி ஆபீஸ் என்று அங்கே சொல்லப்படும் தொழிற்சாலைகள் எரிந்தால் இன்சூரன்ஸ்காரர்களுக்காகச் சாம்பலைக் கிளறியவர். தானாகப் பிடித்த தீ எது, வைத்த தீ எது என்று மோந்து பார்த்தே சொல்வார் என்று பேர் வாங்கியிருந்தார். கோகுலகிருஷ்ணன் அவருடைய உதவியாளன். வாய் மட்டும் இல்லாவிட்டால் அவனை எப்போதோ நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

"நேத்துக் காலையில் வந்து பார்த்தா இப்படி இருந்தது" என்றாள் சுதாராணி. பேரூராட்சியின் செயல் அலுவலர், இவர்கள் இருவரையும் வரவழைத்தவள். தூத்துக்குடிப் பெண், வயது முப்பதுக்குள்தான் இருக்கும். குரல் தெளிவாக இருந்தது, கை மட்டும் பேனாவை மூடி மூடித் திறந்தது. "அதுக்கு முந்தின நாள் சாயந்திரம்தான் மந்திரமூர்த்தியை அடிச்சுப் போட்டிருக்காங்க."

மந்திரமூர்த்தி பேரூராட்சியின் பில் கலெக்டர். ஆட்டுச் சந்தை வாசலில் என்ன நடக்கிறது என்று வாரா வாரம் போய் நின்று பார்த்து வரும்படி அவனை அனுப்பியவள் இவள். சந்தைக்குப் பின்னாலுள்ள கரிசலில் மண்டை உடைந்து கிடந்தவனை ஆடு மேய்க்கிறவர்கள் தூக்கி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிர் இருக்கிறது. பேச்சு இல்லை.

"சந்தையில் அப்படி என்ன மேடம் இருக்கு?" என்று கேட்டார் முத்துசெல்வம்.

"ஒரு ஆட்டுக்கு நுழைவுக் கட்டணம் ஐம்பது காசு. எங்க அப்பா ஸ்கூல் போன காலத்தில் வச்சது. ஆனா வாசல்ல வாங்கறது அஞ்சு ரூபாய். ரசீது கிடையாது. நாங்க அதை ரெண்டு ரூபாயாத் திருத்தறோம். குத்தகையை ரத்து பண்ணிட்டுப் பேரூராட்சியே வசூல் பண்ணும். வாசல்ல பலகை இருக்கும். இன்னைக்கு மூணு மணிக்கு மன்றத்தில் தீர்மானம்."

"அதாவது காகிதத்துல பாத்தா நாலு மடங்கு ஏத்துதீங்க" என்றான் கோகுல். "ஆட்டைப் பிடிச்சுட்டு வாரவனுக்குப் பாத்தா பாதிக்கு மேல குறைக்குதீங்க. நீங்க உருப்பட மாட்டீங்க மேடம்."

"ஊர் முழுக்கக் கட்டண உயர்வுன்னு நோட்டீஸ் ஒட்டினது சந்தைக் குத்தகைதாரர் பெருமாள்சாமி. ரோடு காண்டிராக்டர். வீட்டுக்குப் பின்னால தார் டின்னா அடுக்கி வச்சிருக்கார். எல்லாரும் அவரைத்தான் சொல்றாங்க."

"நீங்க?" என்றார் முத்துசெல்வம்.

சுதாராணி பேனாவை மேசையில் வைத்தாள். "புதன்கிழமை மந்திரமூர்த்தி என்கிட்ட ஒண்ணு சொன்னார். குத்தகையில் இருக்கிற பேர் வேற, வாசல்ல காசு வாங்குற கை வேறன்னார். யார் கைன்னு கேட்டேன். கூட்டத்துல சொல்லுதேன் மேடம், அதுக்கு முன்னால வீட்டுல ஒரு வார்த்தை பேசணும்னுட்டுப் போனார். அவர் வந்து சொல்லலைன்னா, பெருமாள்சாமியும் அவர் பக்கத்து உறுப்பினர்களும் கூடித் தீர்மானத்தைத் தள்ளி வச்சிடுவாங்க. அது போகட்டும். நான் அனுப்பித்தான் அந்த ஆள் அங்கே போனார். அவர் பிழைக்கணும்."

"டாக்டர் என்ன சொல்லுதாரு?"

"வலது கை மட்டும் அசையுது. ஒண்ணு ரெண்டு நாள்ல பேச்சு வந்தாலும் வரலாம்ங்கறார்."

முத்துசெல்வம் பலகையில் மிஞ்சியிருந்த அந்த இடத்தை மறுபடியும் பார்த்தார். "அப்போ அடிச்சவனுக்கும் ஒண்ணு ரெண்டு நாள்தான் இருக்கு. அவன் அதுக்குள்ள வருவான்" என்றார்.

* * *

ஆஸ்பத்திரியில் கரண்டு இல்லை. சித்திரை வெயில் ஓட்டுக் கூரை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. வார்டு வாசலில் ஏட்டு கோபாலசாமி ஸ்டூலைக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பெருமாள்சாமி ஆளு ஒருத்தன் இந்தப் படியை மிதிக்கட்டும், அப்புறம் இருக்கு" என்றார். "சொந்தக்காரங்களைத் தவிர ஒரு ஈ காக்கா உள்ள போகலை."

உள்ளே ஒரே ஒரு கட்டிலில்தான் ஆள் இருந்தது. தலையில் பெரிய கட்டு. மேலுக்குச் சட்டை இல்லை. வேட்டியும் முழங்காலுக்கு மேல் சுருட்டிவிடப்பட்டிருந்தது. மந்திரமூர்த்தியின் கண்கள் திறந்திருந்தன. வந்தவர்களை அந்தக் கண்கள் பிடித்துக்கொண்டு விடவில்லை. தலைமாட்டில் அவன் மனைவி ரெங்கம்மாள் பனையோலை விசிறியால் ஓயாமல் விசிறிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், நல்ல ஆகிருதி, மந்திரமூர்த்தியின் வலது கையைத் தன் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளின் மேலும் பச்சைக் கரை போட்ட துண்டு ஒன்று கிடந்தது.

"எங்க அண்ணன், பேரு கடற்கரை" என்றாள் ரெங்கம்மாள். "ஆட்டுத் தரகு பாக்காக. சேதி தெரிஞ்சதுலேருந்து இவிய கையை விடவேயில்ல அண்ணாச்சி. ஒரு வாய் சோறு திங்கக்கூட எந்திரிக்கலை."

"குளிர் காய்ச்சல் மாதிரி நடுங்குதாரு" என்றார் கடற்கரை, துண்டைச் சரிசெய்தபடி. "பிடிச்சுக்கிட்டா அடங்குது."

"பிள்ளைங்க எங்கேம்மா?"

"ரெண்டும் பொட்டப்பிள்ளைக. இந்தக் கோலத்துல அப்பனைப் பாக்க வேண்டாம்னு அண்ணன்தான் ஆள் விட்டு அவுக வீட்டுக்கு அனுப்பிட்டாக. மதினி பாத்துக்கிடுதாக."

கடற்கரை குனிந்து காயம்பட்டவன் காதருகே பேசினார். தொண்டை கம்மியிருந்தது. "பிள்ளைக ரெண்டும் நல்லாத்தான் இருக்குதுக மாப்ளே. நீ சரின்னு ஒண்ணு சொன்னாப் போதும். எல்லாம் சரியாயிரும்."

மந்திரமூர்த்தியின் கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. ரெங்கம்மாள் முந்தானையால் அதைத் துடைத்தாள். பிறகு தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணன் பேசினாத்தான் இவியளுக்குக் கண்ணுல தண்ணி வருது. பாசம் புரியுது போல."

கோகுலுக்குத் துக்க வீட்டிலும் வாய் சும்மா இருக்காது. "சந்தை நாளும் அதுவுமா தரகர் தோள்ல துண்டைக் காணோமே அண்ணாச்சி. தொப்பியில்லாத போலீஸ் மாதிரில்லா இருக்கு."

"ஓடிவந்த பதற்றத்துல எங்கன விட்டேன்னு தெரியலை தம்பி. இது மாப்பிள்ளை துண்டு. நீ யாரு மகன்?"

"நாகலாபுரம் ஆட்டுத் தரகர் மாதவன் மகன். ஆடு வேண்டாம்னு ஆளைப் பிடிக்க வந்துட்டேன்."

"மாதவன் மகனா? அப்பன் வாயைக் கொண்டே பிறந்திருக்க."

முத்துசெல்வம் ரெங்கம்மாளிடம் திரும்பினார். "அவர் புதன்கிழமை வீட்டுல உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாராம்மா?"

விசிறி நின்றது. "சொல்ல வந்தாக. உலை கொதிக்குது, அப்புறம் சொல்லுங்கன்னுட்டேன். மறுநாள் காலையில நான் தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிட்டேன். சாயந்திரம் இவிய வீடு திரும்பலை." அவள் மறுபடியும் விசிறத் தொடங்கினாள், முன்னைவிட வேகமாக.

"இனி இங்கன வச்சிருந்தா ஆகாது" என்றார் கடற்கரை. "மத்தியானம் நம்ம வேன் வந்திரும். பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருதேன். டாக்டர்ட்டயும் பேசியாச்சு."

இப்படியொரு அண்ணன் யாருக்குக் கிடைக்கும் என்று வார்டில் இருந்த நர்ஸ்கூட நினைத்திருப்பாள். மந்திரமூர்த்தியின் கண்கள் மட்டும் கோகுலை விட்டு நகரவில்லை. பேசத் தெரிந்த வாயையே சில நேரம் யாரும் புரிந்துகொள்வதில்லை. பேசாத கண்ணை யார் படிக்கிறார்கள்? இருவரும் வெளியே வந்துவிட்டார்கள்.

* * *

சந்தை மேட்டில் நிழல் என்று சொல்ல முள்ளடர்ந்த உடைமரம் நாலு. ஆடுகளின் சத்தமும் புழுதியும் தவிர வேறெதுவும் இல்லை. வாசலில் கட்டணப் பலகை நடத் தோண்டிய இரண்டு குழிகள் வாய் பிளந்து கிடந்தன. யாரோ ஒரு குழிக்குள் செத்த குட்டி ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். போகிற வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள், யாரும் எடுத்துப் போடவில்லை.

"காசு யார்ட்டப்பா குடுக்கீங்க?" என்று கோகுல் நாலைந்து பேரிடம் கேட்டான். ஒருவர் தன் கிடாயின் பல்லைப் பார்த்தார். இன்னொருவர் வானத்தைப் பார்த்தார். மூன்றாமவர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

"இந்த ஊருல ஆடு பேசினாத்தான் உண்டு அண்ணாச்சி."

பெருமாள்சாமி டீக்கடை பெஞ்சில் இருந்தார். கறுத்த உருவம், கழுத்தில் மைனர் செயின். இவர்களைப் பார்த்ததும் தானே குரலை உயர்த்தினார்.

"வாங்கய்யா, வாங்க. தார் பூசினது நாந்தான், மண்டையை உடைச்சதும் நாந்தான்னு எழுதிக்கோங்க. ஊரே சொல்லுது, நான் மட்டும் இல்லேன்னா நல்லாவா இருக்கும்?"

"தார் வச்சிருக்கவன் தாரைப் பூசிட்டு வீட்டுல உக்காந்திருக்க மாட்டான்" என்றார் முத்துசெல்வம். "யாரோ உங்க டின்னை எடுத்து உங்க தலையில ஊத்திருக்காங்க. குத்தகை உங்க பேருல இருக்கு. வாசல்ல காசு வாங்குதது யாரு?"

பெருமாள்சாமியின் குரல் இறங்கிவிட்டது. கழுத்தைத் திருப்பிச் சந்தையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"பேரு குடுத்தேன். அதுக்கு ஒரு தொகை வீட்டுக்கு வருது. நோட்டீஸ் ஒட்டச் சொன்னா ஒட்டுதேன். அதுக்கு மேல என்கிட்டக் கேக்காதீங்க. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு." மீதி டீயை மண்ணில் ஊற்றிவிட்டு எழுந்து போனார்.

"இவ்வளவு பெரிய உடம்புக்கு இவ்வளவு சின்ன உயிரா" என்றான் கோகுல். ஆனால் அவனும் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

எதிரே வெயிலில் ஒரு கிடாய்க்கு விலை நடந்துகொண்டிருந்தது. தரகர் தோள் துண்டை உருவி வாங்குபவரின் கைமேல் போட்டார். துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்தார்கள். இத்தனை விரல் என்றால் இத்தனை நூறு. பிடித்து அமுக்கினால் சம்மதம், உதறினால் இல்லை. சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியக்கூடாது என்பதற்காக அந்தச் சீமையில் காலம் காலமாக நடக்கிற பேச்சு. வாய் மட்டும் வெளியே மழையைப் பற்றியும் மருமகனைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும்.

முத்துசெல்வத்துக்கு இது புதிதல்ல. ஆனால் வேறொன்று கண்ணில் பட்டது. தூரத்து உடைமரத்தடியில் இரண்டு பேர் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் ஆள் கிடையாது. அவர்கள் கைமேலும் துண்டு கிடந்தது.

"ஏலே கோகுலு, அங்கன பாக்கதுக்கு யாரு இருக்கான்னு துண்டு போட்டுருக்காங்க?"

"யாரும் இருக்கணும்னு இல்லை அண்ணாச்சி. கை பேச ஆரம்பிச்சா துண்டு தன்னால விழும். எங்கப்பா பல்லுப் பிடுங்கப் போயி, டாக்டர் பீஸ் சொன்னதும் அவரு கையைப் பிடிச்சுத் துண்டைப் போட்டுட்டாரு. டாக்டர் பயந்துபோயிக் கம்பவுண்டரைக் கூப்பிட்டாரு."

முத்துசெல்வம் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆஸ்பத்திரியில ரெங்கம்மா எதுக்கு விசிறினா?"

"கரண்டு இல்லை. வெக்கை."

"மந்திரமூர்த்தி மேல சட்டை இருந்துச்சா?"

"இல்லை."

"குளிருதுன்னா நெஞ்சைப் போத்துவோம். காலைப் போத்துவோம். நெஞ்சும் காலும் தெறந்து கிடக்கு. கையை மட்டும் எதுக்குலே போத்தணும்?"

கோகுல் தன் உள்ளங்கையைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து பார்த்துச் சலித்த ஒன்று, எதிரிலேயே கிடந்தும் தெரியாமல் போய்விட்டது. அதை நினைத்து அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"அண்ணாச்சி" என்றான். "அங்கன வியாபாரம்லா நடந்துருக்கு. அவரு பெண்டாட்டி கண்ணுக்கு முன்னாலயே."

முத்துசெல்வம் ஸ்கூட்டரை உதைத்தார்.

* * *

ஆஸ்பத்திரி வாசலில் வேன் நின்றிருந்தது. ஆடு ஏற்றும் வேன். பின்கதவு திறந்திருந்தது. ஸ்ட்ரெச்சரைத் தாழ்வாரம் வரை கொண்டுவந்துவிட்டார்கள். கூடவே கடற்கரை நடந்து வந்தார். கை மந்திரமூர்த்தியின் கையில். கைமேல் பச்சைக் கரைத் துண்டு.

"நல்லவேளை, போறதுக்குள்ள பிடிச்சேன்" என்றார் முத்துசெல்வம், முகம் நிறையச் சிரிப்புடன். "கடற்கரை அண்ணாச்சி, பெருமாள்சாமியைப் பத்தி ரெண்டு வார்த்தை வேணும். மூணு மணிக் கூட்டத்துக்கு முன்னால அவனை உள்ள வைக்கணும்."

கடற்கரையின் நெற்றிச் சுருக்கம் விரிந்தது. அவர் கையை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக் கோடிக்கு வந்தார். அந்த இடத்தில் கோகுல் உட்கார்ந்தான். துண்டை எடுக்கவில்லை. அதற்கு அடியில் தன் கையை விட்டு அந்தக் கையைப் பிடித்தான்.

"நான் மாதவன் மகன், சித்தப்பா" என்றான் மெல்ல. "அவுக என்ன விலை கேட்டாக?"

கை ஒரு கணம் அப்படியே இருந்தது. பிறகு விரல்கள் ஊர்ந்து வந்து கோகுலின் விரல்களில் இரண்டைப் பிடித்தன.

"ரெண்டாயிரமா?"

கை உதறியது.

"ரெண்டு லட்சமா?"

மறுபடியும் உதறியது. மீண்டும் அதே இரண்டு விரல்களைப் பிடித்து, பின்பக்கமாக வளைத்தது. வலித்தது. கோகுல் நிமிர்ந்து பார்த்தபோது மந்திரமூர்த்தியின் பார்வை ரெங்கம்மாளிடம் இருந்தது. ரெங்கம்மாளின் ஒயர் கூடையில் இரண்டு சின்னப் பாவாடைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. பிள்ளைகளுக்கு மாற்றுத் துணி. அண்ணனிடம் கொடுத்துவிட எடுத்து வந்திருக்கிறாள்.

வார்டில் கடற்கரை சொன்னது கோகுலுக்கு நினைவு வந்தது. பிள்ளைக ரெண்டும் நல்லாத்தான் இருக்குதுக மாப்ளே. நீ சரின்னு ஒண்ணு சொன்னாப் போதும். வெளியே அந்தப் பேச்சு. உள்ளே இந்த இரண்டு விரல்.

"பிள்ளைகளா?"

அந்தக் கை தன்னிடம் இருந்த வலுவையெல்லாம் கூட்டி அமுக்கியது.

கோகுல் எழுந்து தாழ்வாரக் கோடிக்கு நடந்தான். முத்துசெல்வம் அவன் முகத்தைப் பார்த்தார். வருஷக்கணக்கில் கூட இருந்தவருக்கு அவன் சிரிக்காத முகம் புதிது.

"டாக்டர் ரூம்ல உங்களுக்குப் போன் அண்ணாச்சி" என்றான் கோகுல். பிறகு அவர் காதுக்கு மட்டும், "பிள்ளைகதான் விலை, அவன் வீட்டுல இருக்குதுக" என்றான்.

முத்துசெல்வம் அவசரப்படாமல் நடந்து போனார். டாக்டர் அறைக் கதவு சாத்திக்கொண்டது. கடற்கரையின் கண் அந்தக் கதவிலேயே இருந்தது. எந்த நேரமும் அவர் தன் வீட்டுக்கு ஆள் விடலாம். வேன் டிரைவருக்கு ஒரு தலையசைப்பு போதும்.

கோகுல் நேராக அவர் எதிரே போய் நின்றான். மந்திரமூர்த்தியின் துண்டு அவன் கையில் இருந்தது.

"எங்க அண்ணாச்சிக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு" என்றான் தணிந்த குரலில். "ஆனா அவுகளுக்கும் ஒரு விலை உண்டு. நான் தரகன் மகன். வெறுங்கையோட நிக்கதுக்கு எனக்குப் பழக்கம் இல்லை."

கடற்கரை அவனையும் துண்டையும் பார்த்தார். இல்லை என்று சொல்லியிருந்தால் தப்பியிருப்பார். ஆனால் துண்டு நீட்டியபடி ஒருவன் நிற்கிறான், வாழ்நாள் முழுவதும் அந்தக் கை அதற்கு மறுப்புச் சொன்னதில்லை. கை தானாக வந்தது. துண்டு அதன்மேல் விழுந்தது.

"மழை எப்ப வரும்னு நினைக்குத?" என்றார் கடற்கரை, ஊருக்குக் கேட்கும் குரலில். துண்டுக்கு அடியில் ஒரு விரல்.

"சித்திரை போகட்டும் அண்ணாச்சி." கோகுல் உதறினான்.

"பருத்தி இந்த வருசம் பரவாயில்லை." மூன்று விரல்.

"நாகலாபுரத்துப் பக்கம் செடி காஞ்சு போச்சு." உதறினான். ஏட்டு கோபாலசாமி இந்த இருவரையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். முத்துசெல்வம் வெளியே வந்து அவர் பக்கத்தில் நின்று ஏதோ சொன்னார். ஏட்டு ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"உங்கப்பன் இவ்வளவு இழுக்க மாட்டான்." ஐந்து விரலும் சேர்ந்து வந்தது.

கோகுல் உதறவில்லை, அமுக்கவும் இல்லை. ஒரு விலைக்குப் பதில் சொல்லாமல் எவ்வளவு நேரம் ஒருவன் கையைப் பிடித்திருக்க முடியும்? அந்தக் கையும் யோசிக்க ஆரம்பித்திருந்தது. பிடி தளர்ந்தது.

அப்போது தெருமுனையில் லாரி ஹாரன் கேட்டது. பேரூராட்சியின் தண்ணீர் லாரி, வழியெல்லாம் தண்ணீரைச் சிந்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது. டிரைவர் பக்கத்து இருக்கையிலிருந்து சுதாராணி இறங்கினாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு சின்னப் பெண்கள் குதித்தார்கள். போன் போன மறு நிமிஷம், கைக்குக் கிடைத்த வண்டியில் ஏறிப் போயிருக்கிறாள். அப்பா கூப்பிடுகிறார் என்று சொல்லி, கடற்கரையின் மனைவியிடமிருந்து பிள்ளைகளை வாங்கி வந்துவிட்டாள்.

கடற்கரை கையை இழுத்தார். கோகுல் விடவில்லை.

"கையை விட்டா வியாபாரம் முறிஞ்சிரும் அண்ணாச்சி. இன்னும் படியலையே."

துண்டுக்கு அடியில் மூன்றாவதாக ஒரு கை நுழைந்தது. ஏட்டு கோபாலசாமியின் கை. 'க்ளிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கோகுல் தன் கையை உருவிக்கொண்டான். துண்டு கீழே விழுந்தது. விலங்கை எல்லோரும் பார்த்தார்கள்.

"விரலு கோர்ட்டுல வந்து பேசாதுலே" என்றார் கடற்கரை. குரலில் பழைய கம்மல் இல்லை.

"மந்திரமூர்த்தி பேசுவாரு" என்றார் முத்துசெல்வம். "வாசல்ல காசு வாங்குத கை உங்க கைன்னு தெரிஞ்சும், மச்சினன் ஆச்சேன்னு உங்ககிட்டத் தனியா ஒரு வார்த்தை சொல்ல வந்தாரு. கூட்டத்துல சொல்லுததுக்கு முன்னால நீங்களே விலகிக்கிடுங்கன்னு கேட்டுருப்பாரு. நீங்க சந்தைக்குப் பின்னால கூட்டிட்டுப் போனீங்க. அடிச்சுப் போட்டுட்டு, ஊரு பெருமாள்சாமியைச் சொல்லட்டும்னு ராத்திரியே பலகையில தாரைப் பூசினீங்க. அன்னையிலேருந்து உங்க தோள்ல துண்டு இல்லை. ரத்தம் பட்ட துண்டை வீட்டுக்கும் கொண்டு போக முடியாது, தீ வச்சா புகை காட்டிக்குடுத்துரும். சித்திரையில கரிசல் எப்படி வெடிச்சுக் கிடக்குன்னு நமக்குத் தெரியாதா? ஒரு வெடிப்புக்குள்ள ஆள் கையே போகும். தோண்டிப் பாத்தாக் கிடைச்சிரும்."

அதுவரை யாருக்கும் பிடி கொடுக்காத கடற்கரையின் கண் ஒரே ஒரு கணம் சந்தை மேட்டுப் பக்கம் போய்த் திரும்பியது. முத்துசெல்வத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

பிள்ளைகள் இரண்டும் ஸ்ட்ரெச்சரிடம் ஓடின. சின்னவள் அப்பாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

ரெங்கம்மாள் அழவில்லை. விசிறியைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றாள். ஏட்டு கடற்கரையை அழைத்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனபோது, "அண்ணே" என்று ஒரு முறை கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை.

அவள் குனிந்து தரையில் கிடந்த துண்டை எடுத்தாள். பச்சைக் கரையை விரலால் தடவினாள்.

"இது இவிய துண்டு அண்ணாச்சி" என்றாள் முத்துசெல்வத்திடம். "நேத்துக் காலையில அண்ணன் வந்து உக்காந்ததும், ஒரு துண்டு இருந்தாக் குடு தாயின்னாக. வேர்வை துடைக்கத்தான் கேக்காகன்னு, நாந்தான் வார்டு சன்னல் கொடியிலேருந்து எடுத்து, உதறி, அவுக கையில குடுத்தேன்."